பாய்லர்காரர் லைனில் இருக்கிறார்

வானொலி நிலையத்தில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் ‘ஹலோ அக்கா’தான். நேயர்களின் அழைப்புகளை முதலில் எடுப்பது அவள். தொகுப்பாளன் பேசுகிற அறைக்கும் அவளுடைய அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அவளுடையது அலமாரியை நிமிர்த்தி வைத்ததுபோல் குறுகலான அறை. ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் நிற்கலாம், மூன்றாமவர் மூச்சை வெளியே வைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

முன்பு ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் பல வருடம் போன் எடுத்தவள். எதிர்முனையில் இருப்பவர் வாய் திறக்குமுன் இழுக்கிற மூச்சிலேயே ஆளைப் பிடித்துவிடுவாள். குடித்தவன் மூச்சு வேறு, அழப்போகிறவள் மூச்சு வேறு. நல்ல பிள்ளையாய்ப் பேசி, உள்ளே விட்டதும் அசிங்கமாய்த் திட்டப்போகிறவனின் மூச்சு இன்னும் வேறு. பேச்சு நடக்கும்போதும் அவள் கட்டைவிரல் துண்டிக்கும் பொத்தான்மேலேயே இருக்கும். அவளைத் தாண்டி ஒரு கெட்ட வார்த்தைகூட ஒலிபரப்பானதில்லை. ஆனாலும் வேலை இத்தனை காலமும் தற்காலிகம்தான். கணவன் சரக்குக் கப்பலில். வரும் நாளைக் கடலிடம்தான் கேட்கவேண்டும். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு இந்த மாதம்தான் மேலாளரின் கையெழுத்துக்குப் போயிருந்தது.

வாரம் ஒருநாள் காலையில் ‘வெயில் மேடை’ என்றொரு நிகழ்ச்சி. ஊரின் அனல்மின் நிலையத்தை மூடவேண்டும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து நடக்கிறது. பூமி சூடாவதற்குக் கரியமில வாயுதான் காரணமா? ஆமாம் என்பவர்களுக்குப் பச்சை விளக்கு, இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு. “எந்தப் பக்கம்?” என்று கேட்டு அவள் பொத்தானை அழுத்தினால், தொகுப்பாளனின் மேசையில் அந்த நிறம் எரியும். ஒரு பச்சை விட்டால் அடுத்தது சிவப்பு. மேலாளர் போட்ட சட்டம் அது. “நடுநிலைன்னா இதுதான்” என்பார்.

சட்டம் போட்டவருக்குத் தெரியாத சங்கடம் அவளுக்குத் தெரியும். பச்சைக்கு ஆட்கள் வரிசைகட்டி நின்றார்கள். சிவப்புக்குக் கூவிக் கூவி அழைத்தாலும் ஏற்கெனவே வந்தவர்களே மறுபடி வந்தார்கள். “முன்னாடி மட்டும் வெயில் அடிக்கலையா?” என்பார் ஒருவர். “செடிக்கு அதுதானே சாப்பாடு?” என்பார் மற்றவர். ஒருநாள் அவர்களும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தொகுப்பாளன் இரண்டு கையையும் விரித்தான். அந்தப் பதற்றத்தில்தான் அவள் தன் வீட்டுக்கே போன் போட்டாள்.

வீட்டில் இருந்தது மாமனார். வாராவாரம் வானொலிப் பெட்டியோடு மல்லுக்கு நிற்பவர்.

“பெட்டிகிட்ட கத்துறதை எங்ககிட்ட கத்துங்க மாமா. நான் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏன், மாமனாருன்னு சொன்னா மானம் போயிடுமா?”

“வேலை போயிடும்.”

அன்றிலிருந்து அவர் ‘பாய்லர்காரர்’. சில வாரங்களில் ஊருக்கே தெரிந்த குரலாகிவிட்டார். அவர் சொன்னதை முடிவெட்டும் கடையில்கூடத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள்: “நெருப்பில்லாம புகையாதுன்னு ஊர் சொல்லும். புகையாம நெருப்பு வளர்த்தவன் நான். என்கிட்டயா கதை?”

சொன்னதில் பொய்யில்லை. தலை நரைக்கும்வரை அந்த மின் நிலையத்து பாய்லரோடு கிடந்தவர். நிலக்கரி அரைகுறையாக எரிந்தால் புகைபோக்கி கறுப்பாய்க் கக்கும். முழுதாய் எரிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வெளியேறும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்ட அங்கே ஒரு மீட்டர் உண்டு. முள் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டி அசையாமல் நின்றால் எரிப்பு சுத்தம். இறங்கினால் சூடு வீணாகிறது என்று அர்த்தம். அந்த முள்ளை ஏற்றி நிறுத்துவதுதான் கெட்டிக்காரனுக்கு அடையாளம். ஓய்வு பெற்றும் புத்தி மாறவில்லை. வீட்டு அடுப்பு மஞ்சளாய் எரிந்து பாத்திரம் கறுத்தால், “மருமகளே, இது சமையலா, கரி வியாபாரமா?” என்று வந்து பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, நீலமாய் எரியவிட்டுத்தான் நகர்வார். எந்த வாயுவை ஏற்றி ஏற்றிப் பேர் வாங்கினாரோ, அதுதான் குற்றவாளி என்று ஊரே சொன்னபோது, பெற்ற பிள்ளையைத் திருடன் என்றதுபோல் அவருக்குப் பொங்கியது.

போன வாரம் விருந்தினராக வந்த வானிலை ஆய்வாளர் அம்மாள் சண்டை போடவில்லை. “ஐயா, நீங்க சொன்ன முள்ளு பன்னிரண்டுல நின்னுச்சே, அந்த வாயு எங்க போச்சு?” என்று கேட்டாள்.

“புகைபோக்கி வழியா மேல.”

“அப்புறம்?”

மௌனம் நீண்டதும் தொகுப்பாளன் அவசரமாய் ஒரு பாட்டைப் போட்டான்.

அதன்பிறகு மாமனார் வீட்டில் வாய் திறக்கவில்லை. அடுப்பு மஞ்சளாய் எரிந்தது. “மாமா, கரி வியாபாரம் ஜோரா நடக்குது, வந்து பாருங்க” என்று அவளே சீண்டிப் பார்த்தாள். வந்து பார்த்தார். பர்னரைத் தொடாமலே போய்விட்டார்.

இந்த வாரம் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் மேலாளர் அவள் அறைக்குள் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“சிவப்புல பேசுறவங்க நாமளே ஏற்பாடு பண்ற ஆளுங்கன்னு புகார் வந்திருக்கு. இன்னிக்கு நானே நின்னு பார்க்கிறேன். நம்ம ஆளுங்க வீட்டுக் குரல் ஒண்ணு போயிருந்தாலும் சரி, லைன் எடுத்தவங்களுக்கு அதோட வேலை இல்ல. உங்களைச் சொல்லலை ஹலோ அக்கா. பொதுவா சொன்னேன்.”

“பொதுவாத்தானே சார்” என்றாள்.

இன்று அவர் கூப்பிடமாட்டார் என்று நம்பினாள். வாரம் முழுக்க ஊமையாய் இருந்தவர் இன்றைக்கா பேசப்போகிறார்? பச்சை ஒன்று போனது. சிவப்பு ஒன்று போனது. மறுபடி பச்சை. அடுத்து சிவப்பின் முறை. அப்போதுதான் பலகையின் ஓரத்தில் விளக்கு எரிந்தது. அவள் வீட்டு எண்.

“ஹலோ, வெயில் மேடை. சொல்லுங்க ஐயா.”

‘ஐயா’ என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “பக்கத்துல ஆள் இருக்காங்களாம்மா?”

“ஆமாங்க ஐயா.”

“பரவால்ல. நான் பேசணும்.”

“எந்தப் பக்கம்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் போன் பண்றேன்?”

காதில் தொகுப்பாளனின் குரல் பறந்தது. “அக்கா, சிவப்பு! சிவப்பு குடுங்க!” பின்னாலிருந்து மேலாளர் குனிந்தார். “யாரு, பாய்லர்காரரா? சிவப்புதானே, போடுங்க. என்ன யோசனை?”

துண்டித்துவிட்டால் முடிந்தது. ‘லைன் போயிடுச்சு சார்’ என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஆள் இல்லாத நாளில் இடத்தை அடைக்க அவரை இழுத்து வந்தவள் அவள்தான். இன்று அவருக்கே பேசவேண்டியிருக்கும்போது கதவைச் சாத்துவதா? பொத்தான் அழுத்தாமல் அழைப்பு உள்ளே போகாது. இரண்டு விரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் பச்சையும் சிவப்பும் ஒன்றாய் எரிந்தன. தொகுப்பாளன் விளக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் வணக்கம் சொன்னான்.

“போன வாரம் அந்தம்மா கேட்டாங்க, வாயு எங்க போச்சுன்னு. தெரியாம நான் வாயை மூடல. மேல போச்சு. அங்கதான் இருக்கு, வேற எங்க போகும்? கண்ணுக்குத் தெரியலைன்னா வேலை சுத்தம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குக் கீழ வந்தவங்களுக்கு நானும் அதையே சொன்னேன். வேலையை நல்லாத்தான் செஞ்சேன், அதை எவன்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா அந்த வாயு சூடு பண்ணலைன்னு சொல்றதுக்கு என்கிட்ட இருக்கிறது கோபம் மட்டும்தான். யோசிச்சுப் பார்த்தேன். கோபம் சாட்சியாகுமா?”

அதைக் கேட்டுவிட்டு மாமனார் ஒரு மூச்சு இழுத்தார்.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். போகக்கூடாத ஒன்று வரப்போகிறது. இங்கே இத்தனை காலமும் இந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் சம்பளம் வாங்கினாள். கட்டைவிரல் பொத்தானைத் தொட்டபடி நின்றது. உத்தரவு மேலாளரின் மேசையில் இருந்தது, மேலாளரின் மூச்சு அவள் பிடரியில் பட்டது. அழுத்தவில்லை.

“இன்னொண்ணு. பாதியை மறைச்சா இதுவும் பொய்யாயிடும். நான் இந்த நிகழ்ச்சிக்கு நானா வரல. எதிர்த்துப் பேச ஆள் இல்லைன்னு கூப்பிட்டாங்க. கூப்பிட்டது என் மருமக. லைன் எடுக்குற பொண்ணு. பேசினது அத்தனையும் என் வாய்தான், அவ சொல்லிக் குடுத்தது இல்ல.”

தொகுப்பாளன் இந்த முறை பாட்டுப் போடவில்லை. மறந்துவிட்டான்.

“எழுந்திரிங்க” என்றார் மேலாளர்.

“லைன் எரியுது சார்.”

அவர் பலகையைப் பார்த்தார். ஒரு விளக்கு மிச்சமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில், “அதுல சிவப்பு எத்தனை?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கே முகம் சிவந்தார். நிகழ்ச்சி முடியும்வரை அவள் எடுத்தாள். முடிந்ததும் காதிலிருந்ததைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் மாமனார் சமையலறையில் நின்றிருந்தார். பர்னரைக் கழற்றித் தேய்த்து மாட்டியிருந்தார். தீ நீலமாய், புகையே இல்லாமல் எரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் அதற்கு மேலே இருந்த வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போச்சா?”

“போச்சு மாமா.”

“என்னால.”

“கூப்பிட்டது நான்தானே.”

“ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கலாம்.”

“நானும் அழுத்தியிருக்கலாம்” என்றாள். அவருக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூடத்தில் போன் அடித்தது. அவள்தான் போய் எடுத்தாள். “ஹலோ.” அந்தப் பக்கம் சொல் இல்லை, மூச்சும் அதற்குப் பின்னால் பாய்லர் இரைச்சலும் மட்டும். ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“மாமா, உங்க பழைய ஆளு யாரோ. மின் நிலையத்துலேருந்து. பெரிய மூச்சா வாங்குறார்.”

கிழவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார். “எந்தப் பக்கமாம்?”

“கேக்கலை” என்று ரிசீவரை நீட்டினாள்.