சுபம் போட்ட பிறகு வந்தவள்

அந்தப் படத்தில் பேய் உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு அலுப்புதான் வருகிறது. கேட்பவர்களும் குறைந்துபோனார்கள். ஆனாலும் கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் என் வயதுக்காரர் ஒருவராவது, "உங்க அத்தான் எடுத்தாரே ஒரு புத்தகப் படம்..." என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர், "அது டேப் ரெக்கார்டருங்க, பேயெல்லாம் இல்ல" என்பார். உடனே மூன்றாவது ஆள், "யாரு சொன்னா? பட்டினத்துல நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று நிமிர்ந்து உட்காருவார். நான் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுவேன். அரைத்த மாவையே எத்தனை வருஷம் அரைப்பது? இப்போது அத்தானும் இல்லை, அக்காவும் இல்லை. இனிமேல் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் சொல்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். காரைக்கால்காரர். கல்யாணத்துக்கு முன்பு ஒரு சொல்தா வீட்டில் எடுபிடியாக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அந்தக் கிழவரிடம் தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருந்தனவாம். சிலவற்றுக்கு உலகத்திலேயே இரண்டு மூன்று பிரதிதான் உண்டு என்று பாண்டிச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்து விலை கேட்பார்களாம், கிழவர் கொடுக்கமாட்டாராம். அங்கே தூசி தட்டிய நாளில் பிடித்த பைத்தியம்தான் பிறகு அத்தானை மெட்ராஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. உதவி இயக்குநராக ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார். அக்கா கைக்குழந்தையோடு விழிதியூருக்கு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். குழந்தை நடந்தது, பேசியது, பள்ளிக்கூடமும் போனது. அத்தான் பொங்கலுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம் வந்து போனார்.

என் அப்பா விவசாயி. மாப்பிள்ளை முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார். வயலுக்குப் போகும்போது என்னிடம் மட்டும், "கடலைத் தாண்ட ஆசை, கால்வாயைத் தாண்டக் கால் இல்ல" என்று முணுமுணுத்துவிட்டுப் போவார். கடைசியில் அத்தானே இயக்க ஒரு படம் கிடைத்தபோது வீட்டில் எல்லாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். படம் ஓடினால் அக்காவும் குழந்தையும் அவரோடு மெட்ராசுக்குப் போய்விட வேண்டியது. ஓடாவிட்டால் அவர் மெட்ராசுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்பா சொல்லி வைத்திருந்த கூட்டுறவு சொசைட்டி வேலையில் சேர வேண்டியது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இனி முடியாது என்று அக்காதான் சொன்னாள். சொன்னவள், படம் வெளிவருவதற்கு முன்பே தன் நல்ல புடவைகளைத் தனியாக மடித்து ஒரு பெட்டியில் வைத்துவிட்டாள். எந்தப் பக்கம் அவள் ஆசை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

கதை இதுதான். ஒரு பெரிய பங்களா. அதன் சொந்தக்காரர் கண் மங்கிய கிழவர். வீடு நிறைய அரிய புத்தகங்கள். கண் போன பிறகு அவருடைய மனைவிதான் தினமும் வாசித்துக் காட்டுவாள். அவள் செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்களை விலை பேச யார் வந்தாலும் அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெண் வாசிக்கும் குரல் கேட்கிறது. வந்தவர்கள் ஓடுகிறார்கள், ஒருவர் மாடிப்படியிலேயே நெஞ்சடைத்து விழுகிறார். கடைசிக்கு முந்தைய ரீலில் அந்த மனைவி கிழவர் முன்னால் வந்து நின்று, விட்ட பக்கத்திலிருந்து வாசிக்கிறாள். கடைசி ரீலில் போலீஸ் அதிகாரி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரை இழுத்துப் போடுகிறார். எல்லாம் கிழவரின் தம்பி செய்த சூது, வந்து நின்றது புடவை கட்டிய வேறொருத்தி. விலங்கு மாட்டுகிறார்கள். சுபம்.

இந்த முடிவுக்காக அத்தான் தயாரிப்பாளரோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சனங்கள் பேய் பார்க்கத்தான் வருவார்கள், பேயாகவே விட்டுவிடு என்றாராம் அவர். இவர், ஊரைப் பயமுறுத்திவிட்டு உண்மையைச் சொல்லாமல் அனுப்புவது அயோக்கியத்தனம் என்றாராம். டேப் ரெக்கார்டரை இழுத்துப் போடும் அந்த ஒரு காட்சியை எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் கையும் சேர்ந்து இழுக்கும்.

காரைக்காலில் படம் வந்தது. முதல் நாளே அப்பா பார்த்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே, "ஒரு டேப்ப ஒளிச்சு வச்சதுக்கு ரெண்டரை மணி நேரமா?" என்றார். நான் அப்போது காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே பெண்கள் எல்லாருக்கும் கோபம். "பயந்து பயந்து பார்த்தோம், கடைசியில பூன்னு ஆயிடுச்சு" என்றாள் ஒருத்தி. படத்தை மெச்சியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான், கருப்புச் சட்டை போட்ட டெய்லர். மூடநம்பிக்கைக்குச் சவுக்கடி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் அவர் ஒருத்தர் எத்தனை டிக்கெட் வாங்க முடியும்? மாயவரம், கும்பகோணம் என்று போட்ட ஊர்களிலெல்லாம் படம் படுத்துவிட்டது. அக்கா பெட்டியைத் திறக்கவும் இல்லை, பரண்மேல் ஏற்றவும் இல்லை. அப்படியே கட்டிலுக்கடியில் கிடந்தது.

திருமலைராயன்பட்டினத்தில் மட்டும் படம் நின்று ஓடியது. அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை. தனியாகப் படப்பெட்டி வாங்க அவர்களுக்குக் கட்டாது. அதனால் காரைக்கால் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்களை ஓர் ஆள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பட்டினத்தில் கொடுப்பார், அவர்கள் சற்றுப் பிந்தி அதே படத்தை ஓட்டிக்கொள்வார்கள். ஒரே பெட்டி, ஒரே படம். ஆனால் பஸ்ஸில் என் காதுபட நடந்த சண்டை வேறு மாதிரி இருந்தது. எங்கள் அலுவலகப் பெண், "அது டேப்புதாங்க, போலீஸ்காரர்தான் காட்டுறாரே" என்கிறாள். கூடையை மடியில் வைத்திருந்த பட்டினத்து மீன்கார அம்மா விடவில்லை. "போலீசு போனப்புறம் வந்தாளே, அது எந்த டேப்பு? நீ பாதியில எழுந்து வந்துட்டியா?" பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் பட்டினத்துக்குப் போனோம். அக்கா அதுவரை படத்தைப் பார்க்கவில்லை. ஊர் சொன்னதைக் கேட்ட பிறகு பார்க்கத் தைரியம் வரவில்லை அவளுக்கு. கொட்டகையில் உட்கார இடமில்லை. முந்தானையால் முகத்தைப் பாதி மூடிய முஸ்லிம் பெண்கள் ஒரு பக்கம் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். படம் போய்க்கொண்டிருந்தது. மனைவி வந்து நிற்கும் காட்சி வரவேண்டிய இடத்தில் போலீஸ் ஜீப் வந்தது. டேப் ரெக்கார்டரை இழுத்தார்கள், தம்பியைப் பிடித்தார்கள், திரையில் சுபம் விழுந்தது. நான் எழுந்தேன். வேறு யாருமே எழவில்லை. முன்பே பார்த்தவர்கள், "உட்காருங்க, உட்காருங்க, இனிமேதான்" என்றார்கள். இருட்டில் கொஞ்ச நேரம் போயிற்று. மறுபடி வெளிச்சம் விழுந்தபோது கிழவர் தனியாக அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். டேப் போய்விட்டது, தம்பி போய்விட்டான், வீட்டில் யாரும் இல்லை. அப்போது அவள் வந்தாள். விட்ட பக்கத்திலிருந்து வாசித்தாள். கிழவர் அழுதார். கொட்டகையே மூச்சு விடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நானும் அழுதேன்.

வெளியே வந்ததும் அக்கா அத்தானைப் பார்த்தாள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அவர் கையைப் பிடித்தாள். அதுவரைக்கும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "இத்தனை வருஷம் நீங்க எதுக்கு அலைஞ்சீங்கன்னு இப்பதாங்க எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். அத்தான் அவளை டீக்கடைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு ஆபரேட்டரின் அறைக்குப் போனார்.

ஆபரேட்டர் நல்ல மனிதர், நடுங்கிப்போய்விட்டார். "மொத நாளு சைக்கிள்ல வந்ததுல கடைசி ரெண்டு டப்பாவுக்கும் மூடி மாறிப்போச்சுங்க. நான் மூடியில இருந்த நம்பரப் பார்த்து ஓட்டிட்டேன். சுபம் விழுந்துடுச்சு, சனம் எழுந்துடுச்சு. பார்த்தா ஒரு டப்பா மிச்சம் கெடக்கு. ஓட்டாம விட்டா ஏமாத்திட்டான்னு பேசுவாங்களேன்னு அதையும் மாட்டினேன். எழுந்த சனம் அப்படியே உட்கார்ந்துடுச்சுங்க. மறுநாள் மொதலாளி, இப்படியே ஓட்டுன்னுட்டாரு." வினியோகக் கம்பெனியின் ஆளும் அங்கேதான் இருந்தார். அவர் அத்தானுக்கு நாற்காலி போட்டார். "சார், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லா ஊர்லயும் இப்படியே மாத்திப் போட்டுடலாம். புரொடியூசர்கிட்ட பேசிட்டேன். அடுத்த படமும் உங்களுக்குத்தான்னு சொல்றாருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் அத்தான். டீக்கடைக்குத் திரும்பும் வழியில், "அக்காகிட்ட இதச் சொல்லாதே" என்றார். சரி என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். அவர் நின்றார். "அது நான் எடுத்தது இல்லம்மா. சைக்கிள்ல மூடி மாறினதுக்கு நான் பேர் வாங்கிக்கணுமா?"

"அக்காவ நினைச்சுப் பாருங்க அத்தான். அவ பெட்டி கட்டி வச்சிருக்கா."

அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் தனியாகப் பட்டினத்துக்குப் போய், ரீலை ஒழுங்காகப் போடச் சொல்லிவிட்டு வந்தார். தான் எடுத்தது எடுத்தபடி ஓடட்டும் என்று கம்பெனி ஆளிடமும் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் கூட்டிக்கொண்டு இரண்டாம் தரம் பார்க்க வந்தவர்கள் சுபம் விழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்களாம். விளக்கைப் போட்டதும் ஒரே கூச்சல். கொட்டகைக்காரர் கடைசி ரீலை விழுங்கிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. அந்த வாரத்தோடு படத்தை எடுத்துவிட்டார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று அக்கா நினைத்தாள். நல்ல படம், நமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள், அத்தான் சொசைட்டியில் சேர்ந்தார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பில் போட்டார். சினிமா பற்றி வீட்டில் பேசமாட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் இருந்தது. உன் படத்துக்காக நீ பட்டினி கிட, என் அக்காவை ஏன் கட்டிப்போட்டாய் என்று பல தரம் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பரிமாறுவதும் சாப்பிடுவதும் எவ்வளவு களைப்பான வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில், துபாய்க்குப் போனவர்கள் வீடியோ டெக்கும் கலர் டிவியும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். என்னோடு வேலை பார்த்த பட்டினத்து முஸ்லிம் பெண்ணின் தம்பி அங்கேயிருந்து வரும்போது, அட்டைப் பெட்டி நிறையத் தமிழ்ப் பட கேசட்டுகள் வாங்கி வந்திருந்தான். அதில் எங்கள் படமும் இருந்தது. "அக்காவையும் அத்தானையும் அவசியம் கூட்டிக்கிட்டு வாங்க, எங்க உம்மாவும் பார்க்கணும்னு சொல்றாங்க" என்றாள். அத்தான் வரவில்லை என்றார். அக்கா விடவில்லை, சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

பாய் விரித்துப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். கேசட்டில் படம் எடுத்தபடி சரியாக ஓடியது. மனைவி வந்து நின்று வாசித்தாள். அக்கா நெளிந்தாள். "ஏங்க, இது இப்பவே வருது?" என்றாள். பிறகு ஜீப், டேப் ரெக்கார்டர், விலங்கு, சுபம். கேசட் கொண்டுவந்த தம்பி எழுந்து டெக்கை நிறுத்தப் போனான். "நிறுத்தாதீங்க தம்பி, இன்னும் இருக்கு" என்றாள் அக்கா. திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரிந்துகொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அத்தான் பக்கம் திரும்பினாள். "எவனோ மாத்திப் பதிஞ்சு வச்சிருக்கான். நீங்க பட்ட பாடு என்ன, இப்படிக் கொலை பண்ணி வச்சிருக்கான். நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?"

நான் அத்தானையே பார்த்தேன். அந்த ரீல் வரிசைக்காகத்தான் அவர் மெட்ராசை விட்டார். அக்காவின் பெட்டியைத் திரும்ப அவிழ்க்க வைத்ததும் அதற்காகத்தான். இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஆமா, மாத்திப் பதிஞ்சுட்டான்" என்றார் அத்தான். "நீ பார்த்ததுதான் நான் எடுத்தது."

"கேட்டீங்களா?" என்று அக்கா அந்த உம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். போலீஸ் போன பிறகு வீடு எப்படி இருந்தது, கிழவர் எங்கே உட்கார்ந்திருந்தார், அவள் எப்படி வந்தாள் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அக்கா எங்கேயாவது விட்டுவிட்டால் அத்தான் எடுத்துக் கொடுத்தார்.