விரால் மடு

போன வாரம் மதகடிப்பட்டுக் கடையொன்றில், தூண்டில் கொக்கியோடு தொங்கிய பச்சை ரப்பர் தவளையைப் பார்த்ததும் வசந்தா அக்காவின் சேறு படிந்த உள்ளங்கை ஞாபகம் வந்தது.

மாசியில் ஆறு வடிந்து, செல்லிப்பட்டுக் கரையோரம் நாணல் சூழ்ந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் தூண்டிலோடு அங்கே போய்விடுவோம். இரைக்குப் பிடித்த தவளைக் குஞ்சுகளை அக்கா ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்ப்பாள்.

"இது சோம்பேறிடா. விராலுக்குத் துள்ளுறதுதான் வேணும்" என்று பாதியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். அவள் எடுத்துக் கொடுத்த தவளைக்கு விரால் சிக்காத நாள் குறைவு.

அக்கா வயதுக்கு வந்ததும் அம்மா அவளை ஆற்றுக்கு அனுப்பவில்லை. தனியாகப் போய் வெறுங்கையோடு திரும்பும் என்னை அக்கா வாசலிலேயே மறித்து, "இன்னா போட்ட?" என்பாள்.

"மண்புழு."

"அதுக்குக் கெளுத்திதான் வரும். நாளைக்கு நான் தவளை பாத்துத் தரட்டா?"

அக்கா இல்லாமல் மீன் பிடிக்கத் தெரியாதவன் என்று பையன்கள் கேலி செய்திருந்த ஆத்திரத்தில் ஒருநாள், "பொட்டச்சி, உனுக்கு இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

மணல் அள்ளி அள்ளி இன்று அந்த மடுவே இல்லை. கடையிலிருந்து நேரே, அக்காவைக் கட்டிக்கொடுத்த மடுகரை ஊருக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"அக்கா, நம்ம விரால் மடு ஞாபகம் இருக்கா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எந்த மடுடா?" என்றாள்.