எவள் கண் பட்டது என்று ஆத்தாளைக் கேட்டேன்

கோபக்காரன் ஒருவன் எழுதுகிற சாட்சி இது. மாரியாத்தாளை நம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் பணிந்து வரம் கேட்டேன், அவள் மனமிரங்கிக் கொடுத்தாள் என்று சொன்னால் அது பொய். நான் அவளிடம் சண்டை போட்டேன். அவள் பதில் சொன்னாள். அந்தப் பதிலை என்னால் தாங்க முடியவில்லை.

1984-ஆம் வருஷம். எனக்கு விக்கிரவாண்டிக்குப் பக்கத்து ஊர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷினில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் என் மகள் அம்சா. ஒரு வயசு வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். அதன் பிறகு எடை ஏறுவது நின்றுவிட்டது. ஊர் பால்வாடியில் மாதாமாதம் பிள்ளைகளைத் துணிப்பையில் உட்காரவைத்துக் கொக்கித் தராசில் தொங்கவிடுவார்கள். பங்குனியில் எட்டு கிலோ. சித்திரையிலும் எட்டு கிலோ. வைகாசியில் அதற்கும் கால் கிலோ குறைவு. அவளுக்குப் பின்னால் பிறந்ததெல்லாம் தெருவில் ஓடும். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும்.

பார்க்கிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? "இன்னாப்பா, கொழந்தைக்குச் சோறே போடறதில்லியா?" என்று டீக்கடையில் வைத்தே கேட்டான் ஒருவன். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதோடும் அடங்காமல் வீட்டுக்கு வந்து என் மனைவி ராணியிடம் பாய்ந்தேன். "நீ ஒழுங்கா ஊட்டியிருந்தா அவன் ஏன் கேக்கறான்?" பாவம், அவள் கேப்பைக் கூழ், பருப்புச் சோறு, ஆட்டுப்பால் என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு குழந்தை பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தாள். அந்தக் கிண்ணத்தை வாங்கி வாசலில் வீசியிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பட்சி தோஷம் என்றார்கள். வேப்பிலை அடித்தோம். சவலை என்றார்கள். அனந்தபுரம் பக்கம் போய்த் தாயத்து கட்டிவந்தோம். கடைசியாக ஒருத்தி, இது கண்ணேறு என்றாள். "வெளிய தேடாத, வூட்டுக்குள்ளயே பாரு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் இருந்தது என் அண்ணி. அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வாசலில் எதிரெதிரே குடியிருந்தோம். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அம்சா பகலெல்லாம் அவள் இடுப்பில்தான் இருப்பாள். அண்ணி ஊட்டினால் நாலு வாய் கூடவே வாங்குவாள். அதுவே என் புத்திக்கு அப்போது தப்பாகப் பட்டது.

ஆனி மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்து குழந்தையை மார்மேல் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கு நாலைந்து மாதமாக இருமல். மிஷினில் எந்நேரமும் தொலித் தூசு பறக்கும், அங்கே இருமாதவன் யாருமில்லை. அண்ணி வந்து நின்றாள்.

"தம்பி, இருமிக்கினே கொழந்தைய மூஞ்சில வச்சிக் கொஞ்சாதீங்க. அதுவே நோஞ்சானா கீது."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "எம்புள்ளைய நான் கொஞ்சறது உனக்குப் பொறுக்கலியா? ஒண்ணப் பெத்திருந்தாத் தெரியும். உன் கண்ணுதான் இவளத் தின்னுக்கினு கீது. இனிமே நீ இவளத் தொடக் கூடாது" என்றேன்.

தெருவுக்கே கேட்டது. அண்ணி உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அம்சா எதிர்க்கதவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எடை ஏழரைக்கு இறங்கியது.

ஆடி வெள்ளி வந்தது. ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். நல்ல கூட்டம். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆத்தாளுக்கு நேரே நின்று கத்தினேன்.

"மாலையும் மஞ்சளும் வாங்கிக்க மட்டும் தெரியுதா உனக்கு? எம்புள்ள உருகிக்கினு கீதே, கண்ணு தெரியல? இவளக் கெடுக்கிறது யாருன்னு காட்டுடி. இப்பவே காட்டு. காட்டலன்னா இந்தப் பக்கமே வர மாட்டேன்!"

சொல்லி வாயை மூடவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது. அதுவரை அப்படி ஓர் இருமல் வந்ததில்லை. ராணி ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். பூசாரி தண்ணீர் கொடுத்தார். எனக்கு உறைக்கவில்லை. கூட்டத்தில் அண்ணி எங்கே நிற்கிறாள் என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பால்வாடி டீச்சர் விடாமல் வற்புறுத்தியதால் திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். வயசான அம்மா. அம்சாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது. நிமிர்ந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

"அதெல்லாம் யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

ராணி என்னை எதிர்த்துப் பேசியவளே இல்லை. அன்றைக்குப் பேசினாள். "கீதும்மா. இவருக்குத்தான். தை மாசத்துலேர்ந்து இருமிக்கினு கீறாரு."

"அது மிஷின் தூசும்மா!" என்று அங்கேயும் குரலை உயர்த்தினேன்.

"தூசா இல்லையான்னு எக்ஸ்ரே சொல்லட்டும். போய் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

எனக்கு டி.பி. குழந்தை கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்த்தார்கள். தடித்துப்போயிருந்தது. அவளுக்கும் தொற்றியிருந்தது. என்னிடமிருந்துதான்.

அப்போதுதான் உறைத்தது. யாரென்று காட்டு என்றேன். கேட்ட அந்த நிமிஷமே, கேட்ட வாயிலேயே காட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என்மேல் எனக்கு வந்த வெறிக்கு அளவே இல்லை.

மருந்து வேலை செய்து, தான் சொல்லுகிறவரை நான் குழந்தையை நெருங்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அவளை யாரிடம் விடுவது? அண்ணி வாசலில் போய் நின்றேன். ராணி குழந்தையோடு பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். "என்னச் செருப்பால அடிங்க அண்ணி" என்றேன்.

"நீங்க பேசனத நான் மறக்க மாட்டேன் தம்பி" என்றாள் அண்ணி. பிறகு என்னைத் தாண்டிப் பார்த்தாள். "ராணி, கொழந்தைய உள்ள கொண்டா. நீங்க வெளியவே நில்லுங்க தம்பி."

யார் தொடக் கூடாது என்றேனோ அவள் இடுப்பில் என் மகள். தொடக் கூடாதவன் நான்.

எனக்கு ஊசியும் மாத்திரையும். அம்சாவுக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஒருநாள்கூடத் தவறாமல் கொடுத்தது அண்ணிதான். ஐப்பசியில் தராசு எட்டரை காட்டியது. மறு ஆடியில் பத்தரை. கூழ் குண்டானைச் சுற்றிச் சுற்றி ஓடினாள் என் மகள். எனக்கும் குணமாகிவிட்டது. அன்று ஆத்தாள் முன்னால் நின்றபோது எனக்குக் கேட்க ஒன்றுமில்லை, விழுந்து கும்பிட்டேன். அதற்குப் பிறகு ராணியிடம் நான் கை ஓங்கியதில்லை, குரலைக்கூட அடக்கித்தான் பேசுகிறேன். ஆனால் மிஷினில் யாராவது இருமிக்கொண்டே "தூசுதாண்ணே" என்று சொன்னால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கவைத்துவிட்டுத்தான் விடுகிறேன்.

உங்கள் பிள்ளை தேறவில்லையா? ஆத்தாளிடம் போய்க் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். கட்டாயம் பதில் சொல்லுவாள். ஆனால் கேட்டுவிட்டு அடுத்தவள் முகத்தைத் தேடாதீர்கள். நான் தேடினேன். அந்த வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே, மூன்று ராத்திரியும், என் மகளை என் மார்மேல் போட்டுத்தான் தூங்கவைத்தேன்.