ஷிப்லி செய்த கதவு

ஷிப்லியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நினைக்காதீர்கள். கொட்டாஞ்சேனையில், அலவி முதலாளியின் கராஜில், அவனும் நானும் ஒன்பது வருடம் துருப்பிடித்த கார்களைச் சீர்செய்தோம். ஒன்பது வருடமும் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அவன் முகத்துவாரத்துக்காரன். துறைமுகத்தில் இரும்பு ஒட்டப் பழகியவன். மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போய்வந்தும் எனக்கு முன்னால் வேலையை முடித்துவிடுவான். கார் கொண்டுவருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், "ஷிப்லி இல்லையா?" என்று கேட்பார்கள். நான் என்ன, தூணா? என் மனைவி கனகேஸ்வரிகூட வடை சுட்டால், "அந்தத் தம்பிக்கும் நாலு கொண்டுபோங்கோ" என்பாள். பாதி வழியில் நானே தின்றுவிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் எங்கள் தலைமை பாஸ், எங்களுக்கெல்லாம் மேலான மேஸ்திரி, வேலையை விட்டுப் போனார். அந்த இடம் எனக்கா, அவனுக்கா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். மூத்தவன் நான். ஆனாலும் பயம் விடவில்லை.

அந்த வாரம் வெள்ளவத்தை வக்கீல், புறொக்டர் சிவபாதசுந்தரம், காரோடு வந்தார். கடற்கரை வீடு, உப்புக்காற்று கதவுகளின் அடியைத் தின்றுகொண்டே இருக்கும். முன்கதவு இரண்டில் ஒன்றைப் போன வருடம் ஷிப்லி செய்திருந்தான். எது என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் நாறடிக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினேன். வலப்பக்கம் வழுவழுவென்று போனது. இடப்பக்கம் மேடும் பள்ளமும்.

"முதலாளி, வலப்பக்கம் கொம்பனி போட்ட தகரம், ஒருத்தரும் தொடேல்லை. இதுதான் ஷிப்லியின்ர வேலை. துருவை வெட்டாமல் மேல தகரம் வைச்சு, ஈயம் பூசி மறைச்சிருக்கிறான். இவனோ தலைமை பாஸ்?"

புறொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐசே பாலசுந்தரம், ஷிப்லி செய்தது வலப்பக்கம். இது மூண்டு வருசத்துக்கு முதல் நீர் செய்த கதவு. மறந்துபோச்சோ?"

முதலாளி உளியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். ஈயம் பெயர்ந்தது, பின்னாலே துரு பொலபொலவென்று கொட்டியது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

அப்போதுதான் ஷிப்லி வாயைத் திறந்தான். "அந்த நேரம் வெல்டிங் கேஸ் இரிக்கல்ல முதலாளி. பாலண்ணன் வேற என்னத்தச் செய்யிற?"

கேஸ் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கைகொட்டிச் சிரித்திருக்கலாம். நானும் சாகும்வரை நிம்மதியாக அவனை வெறுத்திருப்பேன்.