உங்கள் நலனைக் கருதி

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலாக்காவில் ஒரு பெரிய எலக்ட்ரானிக் கம்பெனியின் பணியாளர் பிரிவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். வீடு டவுன் பக்கம், பாச்சாங்கில். ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன், மலாயும் சரளம். எஸ்டேட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கும் பெண்களைவிட நான் ஒரு படி மேல் என்று நினைத்திருந்தேன். அதை மறைக்கவும் இல்லை.

அந்த வருடம் கம்பெனிக்குத் திடீரென்று எங்கள் மேல் அக்கறை வந்தது. காலையில் எல்லோரும் கேண்டீன் முன்னால் கைகாலை ஆட்டி உடற்பயிற்சி செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆளுக்கொரு ஆப்பிள். கிளினிக்குக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டோரைக் காலி செய்து, இளஞ்சிவப்புத் திரை போட்டு, மேசைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி வைத்தார்கள். இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது என்று கதவில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

புதன்கிழமைகளில் கோலாலம்பூரிலிருந்து ஆலோசகர் அம்மா ஒருவர் வருவார். நல்ல மனுஷி, மெதுவாகப் பேசுவார். தமிழ் தெரியாது. எஸ்டேட் பெண்கள் மலாயில் சாமான் வாங்குவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். மனசில் இருப்பதை மலாயில் சொல்லச் சொன்னால் வாயடைத்துப்போவார்கள். அதனால் மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். ஆலோசகர் எழுதித் தரும் குறிப்பை டைப் செய்வதும் என் வேலைதான். அதில் ஒரு நகல் மேனேஜருக்குப் போகும். முதல் நாளிலிருந்தே அது எனக்குத் தெரியும்.

ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஓர் அக்கா வருவார். நாற்பதை நெருங்கும் வயது, புருஷன் இல்லை, படிக்கிற மகள் ஒருத்தி. தலைமயிரைவிட மெல்லிய கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்டும் வேலை. அந்த லைனிலேயே வேகமான கை அவருடையது. சிறந்த தொழிலாளி என்று அவர் படம் சுவரில் மாட்டியிருந்தது. சில மாதமாக அவர் சரக்கில் பழுது அதிகமாக வந்ததால் சூப்பர்வைசர் அவரை இந்த அறைக்கு அனுப்பினார்.

அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆலோசகர் என்ன கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கால் மணி நேரம் அப்படியே போனது. எனக்கு எரிச்சல். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் சொல்லாமலே நான் தமிழில் சொன்னேன்: "அக்கா, சும்மா சொல்லுங்க லா. நம்ம ஆளுதானே நான். இங்க பேசறது வெளிய போகாது."

"நெசமாவா தங்கச்சி?"

"சத்தியமா."

அவர் திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வலது கண் மங்கிப் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது இடதும் மங்க ஆரம்பித்திருக்கிறது. கைப்பழக்கத்தில்தான் வேலை ஓடுகிறது. வருடாந்திர கண் பரிசோதனையில் வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருப்பவர்கள் வாசிக்கும் எழுத்துகளைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டுவிடுவாராம். பக்கத்து மிஷின் பெண் தன் வேலையோடு இவருடைய சரக்கையும் ஒரு பார்வை பார்த்துப் பழுதை ஒதுக்கித் தருவாள். பதிலுக்கு அவளுடைய கோட்டாவில் கொஞ்சத்தை இவர் முடித்துக் கொடுப்பார்.

"அந்தப் புள்ள இல்லன்னா எப்பவோ என்ன புடிச்சிருப்பாங்க" என்று சொல்லி அழுதார். ஆலோசகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். மனப்பாடம் செய்ததை, பக்கத்து மிஷின் பெண்ணை, எல்லாவற்றையும். அக்கா தட்டுத்தடுமாறிச் சொன்னதை நான் அழகான ஆங்கிலத்தில் கோத்துச் சொன்னேன். ஆலோசகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தபோது பெருமையாக இருந்தது. பக்கத்துப் பெண்ணை விட்டுவிட்டிருக்கலாம். விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு எண்ணமே எனக்கு வரவில்லை.

அன்று மத்தியானமே டைப் செய்தேன். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதுக்குத்தான் இந்தத் திட்டம்" என்றார்.

அடுத்த வாரம் அந்த லைன் முழுவதற்கும் கண் பரிசோதனை. பேர் குறிக்க என்னை அனுப்பினார்கள். சுவரில் பழைய அட்டை இல்லை. புது அட்டையில் எழுத்துகளே கிடையாது. மூன்று கால் வைத்த சீப்பு மாதிரி ஒரே வடிவம் பல பக்கம் திரும்பியிருக்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். அதனால் வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் காதில் விழ ஒன்றுமில்லை.

அவர் முறை வந்தது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி இடது கண்ணை மூடச் சொன்னாள். அக்கா நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஆரம்பித்தார்.

"ஈ... எஃப், பி... டி, ஓ, ஸட்..."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். மிஸ்ஸி நிறுத்தவில்லை, முழுசாகச் சொல்ல விட்டாள். கடைசி வரிவரை அக்கா ஒரு தப்பில்லாமல் சொன்னார். சிரிப்பு அதற்குள் அடங்கிவிட்டது. முடித்ததும் மிஸ்ஸியின் முகம் இருந்த பக்கம் திரும்பி, "சரியா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். நான் பேருக்கு நேராகக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. உங்கள் நலனைக் கருதியும் மேலும் பார்வை கெடாமல் இருக்கவும் உங்களைப் பணியிலிருந்து விடுவிக்கிறோம். அதை அவருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லும் வேலையும் என்னிடம்தான் வந்தது. அக்கா யூனிபார்மைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். கேட்டு முடித்ததும் யூனிபார்மை என் மேசைமேல் வைத்தார்.

"பேக்கிங்ல போட மாட்டாங்களா தங்கச்சி? பொட்டி ஒட்றதுக்குக் கண்ணு வேணாமே."

"கேட்டுப் பார்த்தேன்கா. முடியாதுன்னுட்டாங்க." நான் யாரிடமும் கேட்கவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லலியே?"

"நானா? இல்லக்கா. டெஸ்ட்லதானே தெரிஞ்சுது."

"அதானே. நீ சொல்ல மாட்ட" என்றார்.

நான் அதோடு விடவில்லை. நலத்திட்டம் பற்றி வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கருத்து வாங்கும் படிவம் ஒன்று இருந்தது. ஆலோசனை உங்களுக்குப் பயன்பட்டதா? நான் 'மிக நன்று' என்பதில் டிக் போட்டுக் காகிதத்தை நீட்டினேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன்.

பக்கத்து மிஷின் பெண்ணை மறுவாரம் கூப்பிட்டார்கள். மேனேஜர் நான் டைப் செய்த குறிப்பை அவள் முன்னாலேயே வாசித்தார். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும். அதை ஆங்கிலத்தில் யார் சொல்லியிருக்க முடியும் என்பதும் புரிந்தது. அவள் வேலையும் போயிற்று. கேட்டை விட்டு வெளியேறும் முன் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு கேண்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகும். ஒருவரும் திட்டவில்லை. புதன்கிழமை அறைக்குத் தானாக யாரும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு லைனும் மாதம் இரண்டு பேரை அனுப்பியாக வேண்டும் என்று உத்தரவு இருந்தது. வந்தவர்கள் பல்வலி, மாமியார், மழையில் ஒழுகும் கூரை என்று எதையாவது சொன்னார்கள். சிலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்கள். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டிக்கொள்ளப் போகிறவரோடு மோட்டார்சைக்கிளில் கிளேபாங் கடற்கரைக்குப் போனேன். ரோட்டோரக் கடையில் இளநீர் கேட்டோம். பின்பக்கம் ஒரு அம்மா குந்தி உட்கார்ந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக் கவிழ்த்தார். நான் "ஐஸ் வேணாம்" என்று சொன்னதும் தலை நிமிர்ந்தது.

"ஆபீஸ் தங்கச்சியா?"

அந்த அக்காதான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். என்னைத் தாண்டி, என்னோடு வந்தவர் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்பிள்ளைங்களா? நல்லா இருங்க தம்பி. ஆனா ஒண்ணு, இந்தப் புள்ளகிட்ட மட்டும் மனசுல இருக்கிறத எதையும் சொல்லிறாதீங்க."

மாப்பிள்ளை அதை வேடிக்கை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்க் குந்திக்கொண்டார். அதற்குமேல் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் விடாமல் கேட்டதால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒன் வேலையத்தானே செஞ்ச. அவங்க பொய் சொன்னது தப்பு லா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது என்பதைத்தான் இத்தனை வருடம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த புதன்கிழமை வேலைக்குப் போனேன். மூன்று மாதக் கர்ப்பத்தை லைனில் மறைத்து வைத்திருந்த ஒரு சின்னப் பெண் எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லும்மா" என்றேன்.