நாலாம் தரம் சோறு

நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் முடங்கிப்போனால், அதிலிருந்து தப்பி மேலே வருகிறவர் ஏறி உட்கார ஓர் ஆள் மிதவை உண்டு. காற்று நிரப்பினால் குழந்தை குளிக்கும் தொட்டி மாதிரி இருக்கும். கடலே இல்லாத பெருந்துறையில் அதைச் செய்தோம். நீச்சலே தெரியாத நான் அதைச் சோதித்தேன்.

முதல் மிதவையைக் கம்பெனிக்குப் பின்னாலிருந்த பண்ணைக்குட்டையில் இறக்கினோம். பாரத்துக்கு மணல் மூட்டை கட்டி வைத்திருந்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் மூட்டையைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"மூட்டை எதுக்குங்க? நீங்களே ஏறுங்க."

பத்தாவது நிமிடம் ஒட்டு பிரிந்தது. சேற்றில் விழுந்த எருமையை இழுப்பதுபோல் கயிறு போட்டு இழுத்தார்கள்.

பஞ்சர் ஒட்டுகிறவருக்குக்கூடத் தெரியும், சொல்யூஷன் தடவினால் காயவிட்டுத்தான் ஒட்டவேண்டும். அந்த மிதவையை ஒட்டிய அன்று மேனேஜர் வீட்டில் கெடா விருந்து. ஈரத்திலேயே ஒட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். மீட்டிங்கில் மட்டும் வேறு கதை.

"ஒட்டுல கோளாறு இல்லீங்க. எங்க விருந்துல இவரு நாலு தரம் சோறு வாங்குனாருங்க. அதுதானுங்க கோளாறு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மூன்று தரம்தான் வாங்கினேன். அன்றே முடிவு செய்தேன், இவருடைய அடுத்த மிதவையைக் கொன்றே தீருவது.

வந்தது. மடித்து மடித்துப் பிரித்தேன். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தகரக் கூரைமேல் வெயிலில் வாட்டினேன். சோதனை விதியில் உள்ளதைத்தான் செய்தேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பாவி மிதவை, நூலளவு பிரியவில்லை. இந்தத் தடவை நன்றாகக் காயவிட்டிருக்கிறார்.

மிச்சம் ஒரே சோதனை. ஆள் உட்கார்ந்து ஆறு மணி நேரம் மிதக்கவேண்டும். நடுவில் இறங்கினால் மிதவை தோற்றதாகக் கணக்கு.

"ஏனுங்க, ஒட்டு மேல நம்பிக்கை இருக்குதுங்களா?" என்றேன், எல்லோர் முன்னிலும்.

"ஏனுங்க இல்லாம?"

"அப்ப மூட்டை எதுக்குங்க? நீங்களே ஏறுங்க."

ஒன்பது மணிக்கு ஏறினார். அவருக்கும் நீச்சல் தெரியாது என்பது ஒன்பது ஐந்துக்குத் தெரிந்தது. இரண்டு கையும் விளிம்பை விடவே இல்லை. பன்னிரண்டுக்கு வெயில் உச்சந்தலைக்கு வந்தது.

"போதுமுங்க, கயித்த இழுங்க!"

"இழுத்துப்போடலாமுங்க. தோத்துப்போச்சுன்னு எழுதீரட்டுங்களா?"

விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மிதவை பிரிந்திருந்தால் என் பழி ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பிரியாததால் மூன்று மணி வரை நீடித்தது. வேப்பமர நிழலில் நாற்காலியைப் போட்டு, கேரியரைத் திறந்தேன். அவர் பார்க்கும்படி, நிதானமாக, நாலாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.