விண்கலத்து மருத்துவரை ஊருக்கு அனுப்பியவள்

குணசீலனை அந்தத் தொடரிலிருந்து வெளியேற்றியவள் நான்தான்.

தலைக்கனம் பிடித்து அவரே பாதியில் விட்டுப் போனார் என்றுதானே நீங்கள் அப்போது படித்தீர்கள்? பொய். இயக்குநர் மீதும் பழியில்லை. நான்! தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி, நல்ல பிள்ளையாக நாலு வார்த்தை சொல்லி அவரை அனுப்பி வைத்தேன்.

தொடர் உங்களுக்கு நினைவிருக்கலாம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. பூமியிலிருந்து கிளம்பிய விண்கலம் ஒன்று வேறொரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே கண்ணாடிக் கோபுரங்களாக ஒரு நகரம். சென்னையில் எவ்வளவு தேடியும் அப்படி ஒரு கிரகம் அகப்படவில்லை. கடைசியில் வியட்நாமில், சைகோன் நகரத்துப் பூ மி ஹங் பகுதியில் அகப்பட்டது. ஏரிக்கரை, உயர உயரமான குடியிருப்புகள், துடைத்துவிட்டாற்போல் தெருக்கள். அங்கே குடியிருந்து காலை நடைக்கு வருகிற கொரியர்களைக் கும்பிட்டு ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தை வேற்றுக் கிரகம் என்று சொல்லிப் படம் பிடித்தோம்.

குணசீலன் அந்தக் கலத்தின் மருத்துவர். நான் பொறியாளர். அவர் காரைக்கால் நாடக மேடைகளில் வளர்ந்தவர். தலை நரைக்கத் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேடம் அது. எனக்கும் அதுதான் முதல். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வசனம் மறந்து நான் விழித்தால், கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதர்!

இந்த ஊர்ச் சாப்பாடு மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. மதியம் பொட்டலத்தைப் பிரித்து, மீன் சாற்றின் வாடை எழுந்ததும் மூக்கைச் சுளிப்பார்.

"ஐயோ சாமி! யாராவது ஒரு கரண்டி ரசம் ஊத்துனா, இந்தக் கிரகத்தையே எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிருவேன் மாலதி!"

தினமும் இதே பேச்சு. நாங்கள் சிரிப்போம். சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வழித்துச் சாப்பிட்டும் விடுவார்.

ஒரு நாள் இயக்குநர் என்னைத் தனியாக அழைத்தார். முகம் வாடியிருந்தது.

"சேனல்ல ஒரு கேரக்டரக் குறைக்கச் சொல்றாங்கம்மா. டாக்டரா இன்ஜினியரான்னு பாத்தா... உன்னத்தான் தூக்க வேண்டியிருக்கு. தப்பா நினைச்சுக்காத."

வீட்டாரை எதிர்த்துக்கொண்டு வந்தவள் நான். திரும்பிப் போனால் எந்த முகத்தோடு போவது? ஒரே ஒரு நொடிதான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவேயில்லை... அது வாயில் தயாராக இருந்தது.

"குணா அண்ணாவுக்கே இங்க இருக்கப் பிடிக்கல சார். ஊருக்குப் போகணும்னு தெனமும் சொல்றாரு. உங்ககிட்ட சொல்லக் கூச்சம். நான் சொன்னேன்னு அவர்கிட்ட கேட்டுறாதீங்க சார், பாவம்."

பாவம் என்றேன், பாருங்கள்!

இயக்குநர் முகம் தெளிந்துவிட்டது. அவர் இளகிய மனசுக்காரர். யாரையும் அழவைக்காமல் காரியம் முடிந்தால் போதும் அவருக்கு. அந்தப் பக்கமாக வந்த, சாப்பாட்டுப் பொட்டலம் பங்கிடுகிற நம் ஊர் ஆளைக் கேட்டார். "ஆமா சார், சோத்தப் பாத்தாலே ஊருக்குப் போறேன்னுதான் சொல்லுவாரு" என்றார் அவரும். முடிந்தது. ஊருக்குப் போகணும் என்பது குணசீலன் வாயிலிருந்து வந்த சொல்தான்; ஆனாலும் நான் சொன்னது மொத்தமும் பொய். இப்படிப் பொய் சொல்ல எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

எங்கள் தொழிலில் நடிகர்களிடம் கதையை முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்றன்று மேக்கப் நாற்காலியில் உட்காரும்போதுதான் சீன் பேப்பர் கைக்கு வரும். அவரும் அப்படித்தான் தெரிந்துகொண்டார். விஷவாயு பரவுகிறது, மற்றவர்களைக் காப்பாற்ற மருத்துவர் தன்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்துக்கொண்டு உயிர்விடுகிறார்.

"அட, என்னையப் போட்டுத் தள்ளிட்டாங்க!" என்று சிரித்தார். "சயின்ஸ் கதையில செத்தா அது ஒரு சாவா? வேற ஏதாவது கிரகத்துல கண்ணத் தொறப்பேன் பாரு!"

"ஆமாண்ணா" என்றேன்.

அற்புதமாக நடித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழவேண்டும். நிஜமாகவே அழுதேன். கைதட்டினார்கள்! இன்றைக்கும் அந்தக் காட்சியை யாராவது புகழ்ந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாகிற காட்சியில் நடித்தவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பது நம் ஆட்களின் வழக்கம். கெட்டது எதுவும் ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். வேற்றுக் கிரகமானாலும் அதை விடுவார்களா? குணசீலன் கூண்டுக்குள் எழுந்து உட்கார்ந்து, இயந்திர மனிதனைப் போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சிரித்தார். எதற்கென்று புரியாமலே வியட்நாமிய லைட் பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இயக்குநர் போய்க் கட்டிக்கொண்டார். "இனிமே நிம்மதியா ஊர்ச் சாப்பாடு சாப்பிடுங்க குணா. நாளைக்கு ஃப்ளைட். அடுத்த கதையில கட்டாயம் கூப்பிடுறேன்."

குணசீலனின் சிரிப்பு உடனே அடங்கவில்லை. அப்படியே சிரித்தபடி என்னைத் தேடினார்.

விமான நிலையத்துக்கு வேனில் நான் மட்டும் கூடப் போனேன். குற்றவுணர்வா, பாசமா, அவர் நிஜமாகவே போகிறாரா என்று பார்க்கவா... எனக்கே தெரியாது.

"நான் என்ன தப்பு செஞ்சேன் மாலதி?"

"தெரியலண்ணா. சேனல் முடிவா இருக்கும்."

"கேட்டுப் பாக்கலாம்... வேணாம். வேஷத்துக்காகக் கை நீட்டி எனக்குப் பழக்கமில்ல."

கேட்டுவிடுவாரோ என்று அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தேன். வேணாம் என்றதும் அழுதுவிட்டேன். நிம்மதியில் வந்த அழுகை! அவர் என் தலையைத் தடவிச் சமாதானப்படுத்தினார்.

பிறகு ஒரு பேட்டியில் இயக்குநர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அவரே போக விரும்பினார் என்று. ஊர் வாய் அதைத் தலைக்கனமாக்கிவிட்டது. பாதியில் ஓடுகிற ஆள் என்று பெயர் விழுந்தபின் அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த இயக்குநரும்கூட.

தொடர் சீக்கிரமே நின்றுபோனது. எனக்கும் அதற்குமேல் வேடம் எதுவும் வரவில்லை. இங்கேயே வேலையிலிருந்த ஒருவரை மணந்துகொண்டு, சைகோனிலேயே தாவோ தியென் பகுதியில் குழந்தைகளுக்கு நடிப்புச் சொல்லித் தருகிறேன். என் கணவருக்குக்கூட இது தெரியாது.

போன வருடம் குணசீலனிடமிருந்து செய்தி வந்தது. சுற்றுலாக் குழுக்களை அழைத்துவரும் வேலை பார்க்கிறாராம். இங்குள்ள த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு வருகிறாராம். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். காலில் விழுந்தாவது! வழியெல்லாம் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கோயிலுக்குள் வியட்நாமியப் பெண்கள் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் சின்னக் கொடியோடு அவர் நின்றார். முடி முழுக்க வெள்ளை. குரல் மட்டும் அதே குரல்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்கினேன். அதற்குள் குழுவிலிருந்த ஓர் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் அந்த ராக்கெட் சீரியல்ல வந்தவங்கதானே? நீங்க ஏன் சார் பாதியில போயிட்டீங்க?"

குணசீலன் நிமிர்ந்தார். மேடையில் நிற்கிறவரைப் போல மார்பை விரித்தார்.

"நான்தாம்மா வேணாம்னு வந்துட்டேன். கதை புடிக்கல. எவ்வளவோ கெஞ்சுனாங்க. நமக்கு மானந்தான் பெருசு! வேணும்னா இவங்களையே கேளுங்க, கூடவே இருந்தவங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

"ஆமா... எவ்வளவோ கெஞ்சினோம். கேக்கவே மாட்டேன்னுட்டார்."

அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்குள் ஒருத்தி அப்பாடா என்று மூச்சு விட்டாள். வேனில் அழுதவளும் அவள்தான்.

குழு பேருந்தில் ஏறியது. கடைசியாக ஏறப்போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கும் நீ ஒருத்திதான் என் பக்கம் நின்ன. இன்னைக்கும் விட்டுக் குடுக்கல. என்னமோ சொல்லணும்னியே, என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா" என்றேன்.